கலத்தினுள்ளே ஒரு துபாஷி

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான மாணவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

இம்மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். அத்தகைய சபையின் முன்னே ஓர் இளைஞன் வந்து நின்று, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பொருளைப்பற்றிப் பேசத் துணிவது சற்று மிகையான செயலே. எனினும், நமது செயலாளர் அவர்கள், "விஞ்ஞானம் படிக்கிற தம்பியல்லவா, நீரும் ஏதாவது பேசும்" என்று பணித்தபொழுது என்னால் மறுக்க முடியவில்லை. குற்றங் குறைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

நான் மிஷன் பாடசாலை ஒன்றிலே கற்றவன். காலையில் ஆங்கிலத்தில் வேத வாசிப்புக் கேட்பேன். மாலையில் பாட்டியாரின் பக்கத்தில் அமர்ந்து தமிழில் தேவாரம் சொல்வேன். இடையிலே சிங்களத்தில் பந்தடிப்பேன். கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கும் இதுவே கதி. மூன்று மொழிகளுக்கிடையே நாள்தோறும் ஓடித்திரிகிறவர்கள் நாம். ஆகவே, நம் ஒவ்வொருவருடைய உடம்பிலும் உள்ள கலங்களினுள்ளே ஓயாது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு துபாஷியைப்பற்றி இன்று பேச விரும்புகிறேன். அதன் பெயர் இடமாற்று ஆர்.என்.ஏ. இப்பொருளைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

நம் உடம்பின் வேலையில் பெரும்பகுதியைச் செய்வன புரதங்கள். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஒரு புரதம்; உண்ட சோற்றைச் செரிக்கச் செய்யும் நொதியங்கள் புரதங்கள்; தலைமயிரும் நகமும் புரதமே. இவையெல்லாம் இருபது வகையான அமினோவமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட மாலைகள். எந்தப் பூவுக்குப்பின் எந்தப் பூ என்ற ஒழுங்கு மாறினால் மாலையே வேறாகிவிடும். அவ்வொழுங்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? டி.என்.ஏ என்னும் மூல ஏட்டிலே எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து தேவையான பகுதி மட்டும் பிரதி எடுக்கப்படும். அப்பிரதிக்குத் தூது ஆர்.என்.ஏ என்று பெயர். அதனை வாசித்து மாலை தொடுக்கும் தொழிற்சாலை இறைபோசோம் எனப்படும்.

இங்கேதான் ஒரு சங்கடம் எழுகின்றது. ஏடு எழுதப்பட்ட மொழி வேறு. மாலையின் மொழி வேறு. தூது ஆர்.என்.ஏயின் நெடுங்கணக்கில் ஏ, யூ, ஜீ, சீ என்று நான்கே எழுத்துக்கள். மாலையிலோ இருபது வகைப் பூக்கள். இரண்டிரண்டு எழுத்தாக வாசித்தால் பதினாறு சொற்களே கிடைக்கும், இருபதுக்குப் போதா. மும்மூன்றாக வாசித்தால் 64 சொற்கள் கிடைக்கும். உண்மையிலே கலம் மும்மூன்றாகவே வாசிக்கின்றது. அவற்றுள் 61 சொற்கள் அமினோவமிலங்களைக் குறிப்பன; எஞ்சிய மூன்றும் நிறுத்தற் குறிகள். ஆயின், ஜீ-ஏ-ஜீ என்ற மூன்றெழுத்துக்கும் குளுட்டாமிக்கமிலம் என்னும் பொருளுக்கும் உருவத்தால் யாதோர் ஒற்றுமையும் இல்லை. ஏட்டைப் பார்த்த அமினோவமிலம், "இதோ என் பெயர்" என்று தானாக வந்து ஒட்டிக்கொள்ள வழியில்லை. இரு மொழியும் அறிந்த ஒருவர் நடுவிலே நிற்கவேண்டும்.

இவ்வாறு ஒருவர் இருந்தே தீரவேண்டுமென்று, கண்ணாற் காணாமலே, யோசனையினால் மட்டும் கூறியவர் பிரான்சிஸ் கிரிக் என்னும் ஆங்கிலேய அறிஞர். 1955 ஆம் ஆண்டில் நண்பர்களிடையே சுற்றுக்கு விட்ட ஒரு குறிப்பிலே அவர் இவ்வெண்ணத்தை எழுதினார். அதே காலத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே, போல் ஸமெக்னிக், மலன் ஹோக்லண்ட் என்னும் இருவர், எலியின் ஈரற்கலங்களை உடைத்து எடுத்த சாற்றிலே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தனர். கதிர்வீசும் காபனை அடையாளமாகக் கொண்ட அமினோவமிலங்களை அச்சாற்றிலே இட்டு, அவை எங்கே போகின்றன என்று தொடர்ந்து பார்த்தார்கள். அவை நேரே புரதத்திற் சேரவில்லை. முதலில் ஒரு சிறிய ஆர்.என்.ஏயுடன் ஒட்டிக்கொண்டன, அதன் பின்னரே புரதத்தை அடைந்தன. கிரிக்கின் எண்ணம் பிற்பாடே இவர்களுக்குத் தெரியவந்தது. ஒருவர் சிந்தனையாற் கண்டதை மற்றையோர் கையாற் கண்டனர். 1958 இல் இது விரிவாக வெளியாயிற்று.

பின்பு அந்தத் துபாஷியின் உருவத்தை எழுத்தெழுத்தாக அறியும் முயற்சி தொடங்கியது. கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரொபர்ட் ஹொலி என்பவர் அப்பணியை மேற்கொண்டார். அப்பம் புளிக்க வைக்கும் மதுவத்திலே 140 கிலோகிராமை எடுத்து, வடித்து, பிரித்து, அலனீன் என்ற அமினோவமிலத்தைச் சுமக்கும் இடமாற்று ஆர்.என்.ஏயில் ஒரேயொரு கிராமைச் சேர்த்தார். அதனை வைத்துக்கொண்டு, 77 எழுத்துக்களின் வரிசையையும் 1965 இலே வெளியிட்டார். ஓர் ஆர்.என்.ஏயின் முழு வரிசை உலகுக்குத் தெரியவந்தது அதுவே முதன்முறை.

ஹொலியுடன் 1968 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்தவர் இருவர். ஒருவர் மார்ஷல் நிரென்பேர்க். யூ என்ற எழுத்தையே திரும்பத் திரும்பக் கொண்ட ஒரு போலித் தூதை 1961 இல் கலச்சாற்றிலே இட்டு, ஃபீனைலலனீன் மட்டுமே கோத்த மாலையைப் பெற்று, அகராதியின் முதற் சொல்லுக்குப் பொருள் கண்டவர் இவரும் இவருடைய உடன் ஆராய்ச்சியாளர் மத்தாயும். மற்றையவர் நம்மவர் என்று பெருமையுடன் சொல்லத்தக்க ஹர் கோவிந்த் கொரானா. பிரிவினைக்கு முன்னைய பஞ்சாபில், ராய்ப்பூர் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். ஏறக்குறைய நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத வாசிக்கத் தெரிந்த குடும்பம் அநேகமாக இவருடையது ஒன்றே. தந்தையார் கிராமத்து வரிக் கணக்கர். முதற்பாடம் மரத்தடியிலே நடந்தது. லாகூரிலும் பின்பு லிவர்பூலிலும் கற்றுத் தாயகம் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. மறுபடியும் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ், வன்கூவர், விஸ்கொன்சின் என்று சென்றார். இன்ன எழுத்து இன்ன ஒழுங்கில் வரவேண்டுமென்று தாமே ஆர்.என்.ஏ இழைகளை அமைத்து, அகராதியின் எஞ்சிய பக்கங்களை நிரப்ப உதவினார். ஹொலி வாசித்த அதே அலனீன் துபாஷியை உண்டாக்கும் பரம்பரையலகை ஆய்வுகூடத்திலே செயற்கையாக ஆக்கிமுடித்ததாக 1970 இல் அறிவித்தவரும் இவரே. மரத்தடிப் பாடத்தை எள்ளி நகையாடுகிறவர்கள் இவரை நினைவிற் கொள்வார்களாக.

நிற்க. அந்தத் துபாஷியின் தோற்றம் எப்படிப்பட்டது? தாளில் விரித்து வரைந்தால், நாம் சிவராத்திரியன்று சாத்தும் வில்வ இலைபோல இருக்கும். ஒரு காம்பு, மூன்று இலைகள். நடு இலையின் நுனியில் மூன்று எழுத்துக்கள் உண்டு. தூதிலுள்ள மூன்றெழுத்துச் சொல்லுடன் அவை இணைசேரும். ஆகவே அவற்றுக்கு எதிர்ச்சொல் எனலாம். காம்பின் அடியில் சீ-சீ-ஏ என்று முடியும் ஒரு வால் உண்டு. அமினோவமிலம் வந்து ஏறுவது அங்கேதான். மெய்யான உருவம் 1974 இல் பளிங்குகளின்மேல் எக்ஸ்-கதிரைச் செலுத்திக் காணப்பட்டது. இலைகள் மடிந்து, ஆங்கில எல் எழுத்தைப்போல வளைந்து நிற்கின்றது. ஒரு முனையில் எதிர்ச்சொல். மறு முனையில் சுமை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றில் ஏழு கூறளவே. ஒரு கையால் ஏட்டைத் தொட்டு, மறு கையால் பூவை நீட்டும் இக்கோலமே மொழிபெயர்ப்பின் முழு இரகசியம்.

இனித் தொழிற்சாலைக்குள் செல்வோம். தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும் வேளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கூடையுடன் உள்ளே வருகிறார். அடுத்தவர் தராசடியில் நிற்கிறார். மூன்றாமவர் வெறுங்கூடையுடன் வெளியே போகிறார். இறைபோசோமிலும் இவ்வாறே மூன்று இடங்கள் உண்டு. முதலிடத்தில் துபாஷி சுமையுடன் நுழையும். நடுவிடத்தில் நிற்கும் துபாஷி, அதுவரை வளர்ந்த மாலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அம்மாலை புதிதாக வந்த பூவின்மேல் மாற்றிக் கட்டப்படும். பின் தூது மூன்றெழுத்துத் தூரம் நகரும். வெறுங்கையான துபாஷி மூன்றாம் இடத்தால் வெளியேறி, அடுத்த சுமையைத் தேடிப் போகும். பற்றீரியாக்களிலே இவ்வளவும் ஒரு செக்கனில் பதினைந்து இருபது தடவை நிகழ்கின்றது.

இத்தொழிற்சாலையின் அமைப்பை அணு அணுவாகக் கண்டவர்களுள் ஒருவர் சிதம்பரத்திலே 1952 இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பரோடாவில் வளர்ந்து பெளதிகம் கற்றவர். பெளதிகத்திலே கலாநிதிப் பட்டமும் பெற்றபின், உயிரியலை மாணவனாக மறுபடி தொடக்கத்திலிருந்து படித்தவர். வாழ்க்கையில் ஒரு துறையைத் தெரிந்துவிட்டோம், இனி மாறமுடியாதே என்று கலங்கும் என்போன்ற மாணவர்களுக்கு இவர் ஓர் ஆறுதல். இறைபோசோமின் சிறிய பாகத்தின் அமைப்பை இவரும் இவருடைய குழுவினரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தூதின் சொல்லும் துபாஷியின் எதிர்ச்சொல்லும் சரியாகப் பொருந்தினவா என்று இறைபோசோம் அளவுகோல் வைத்து அளப்பதுபோல் அளந்து பார்க்கிறது என்பதை இவ்வாராய்ச்சி காட்டிற்று. காசநோய்க்குக் கொடுக்கப்பட்டுவந்த ஸ்ட்ரெப்டோமைசின், பற்றீரியாவின் இறைபோசோமில் ஒட்டிக்கொண்டு இந்த அளவையைத்தான் குழப்புகின்றது. பொருந்தாத துபாஷிகள் உள்ளே புக, பற்றீரியா பிழையான புரதங்களைச் செய்து கெடுகின்றது. தோமஸ் ஸ்டைற்ஸ், அடா யோனத் ஆகிய இருவருடன் 2009 இல் ராமகிருஷ்ணனும் நோபெல் பரிசு பெற்றார்.

அன்பர்களே, இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். இறைபோசோம் முக்கியமாக அளப்பது துபாஷியின் எதிர்ச்சொல்லை. மறு கையில் உள்ள சுமை சரியானதுதானா என்பதில் அது அத்தனை கவனஞ் செலுத்துவதில்லை. இதனை 1962 இல் ஷப்வில் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் அழகிய பரிசோதனையாற் காட்டினர். சிஸ்ரீன் என்ற அமினோவமிலத்தைச் சுமந்துநின்ற துபாஷியை எடுத்து, நிக்கலைக்கொண்டு அச்சுமையிலிருந்து கந்தகத்தை நீக்கினர். சிஸ்ரீன் அலனீனாக மாறிவிட்டது. துபாஷி மாறவில்லை, சுமை மட்டும் மாறியது. இறைபோசோம் அத்துபாஷியை மறுக்கவில்லை. சிஸ்ரீன் வரவேண்டிய இடங்களில் அலனீனை வைத்துக் கோத்தது. துபாஷியின் வார்த்தையை அது நம்பிவிட்டது.

அப்படியானால் பிழை வராமற் காப்பது யார்? சுமையேற்றும் இடத்திலே இருக்கின்ற நொதியங்கள். இன்ன துபாஷிக்கு இன்ன அமினோவமிலம் என்று தெரிந்து ஏற்றுவன இவையே. ஐசோலியுசீன், வலீன் என்னும் இரண்டு அமினோவமிலங்களுக்கும் உள்ள வேற்றுமை ஒரு காபனும் இரண்டு ஐதரசனும் மட்டுமே. தவறி வலீனை ஏற்றிவிட்டால், அதே நொதியம் தன்னிடமுள்ள இன்னோர் இடத்தில் வைத்துச் சோதித்து, அதனை வெட்டி நீக்கிவிடுகிறது. சோதனை ஏற்றும்பொழுதே நடக்கவேண்டும், ஏற்றியபின் கேட்பாரில்லை. கலம் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

வேறொரு வகைப் பிழையும் உண்டு. அங்கே துபாஷி குற்றவாளியல்ல, ஏடே குற்றமுடையது. நம் இரத்தப் புரதமாகிய ஈமோகுளோபினின் பீற்றா மாலையிலே 146 அமினோவமிலங்கள் உள. அவற்றுள் 26 ஆம் இடத்தில் ஜீ-ஏ-ஜீ என்று இருக்கவேண்டிய சொல், நம் நாட்டிலே சிலருக்கு ஏ-ஏ-ஜீ என்று எழுதப்பட்டிருக்கின்றது. துபாஷி எழுதியபடியே மொழிபெயர்க்கின்றது; குளுட்டாமிக்கமிலத்துக்குப் பதிலாக லைசீன் வருகின்றது. இது ஈமோகுளோபின் ஈ எனப்படும். தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நலமாகவே வாழ்வார். ஆயின் மற்றையவரிடமிருந்து தலசீமியாவுக்குரிய பழுதான ஏட்டையும் பெற்ற பிள்ளைக்கு, மாறிமாறி இரத்தம் ஏற்றும் துன்பம் நேரலாம். இப்பிள்ளைகளைப் பராமரிக்கும் பெரிய நிலையம் நமக்கு அண்மையில் குருநாகலிலே இருக்கின்றது. பெற்றோர் இருவரும் இப்பழுதைக் காவுபவராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. திருமணத்துக்குமுன் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், பதினோராவதாக இரத்தத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2021 இல் கொரோனாத் தொற்றைத் தடுக்க நம்மிற் பலர் ஏற்றிக்கொண்ட பைசர் தடுப்பூசியில் இருந்தது ஒரு தூது ஆர்.என்.ஏயே. அதை வாசித்துப் புரதமாக்கிக் கொடுத்தவை நம் சொந்தத் துபாஷிகளே. கற்றலின் கரிக்கோ, துரூ வைஸ்மன் என்னும் இருவர் 2005 இல் கண்டது யாதெனின், புறத்திலிருந்து வந்த ஆர்.என்.ஏயைக் கண்டால் உடம்பு கொதித்தெழுகின்றது. ஆனால் இடமாற்று ஆர்.என்.ஏயைக் கண்டு அவ்வாறு எழுவதில்லை. அதன் எழுத்துக்களுட் பல சிறிது மாற்றி அலங்கரிக்கப்பட்டிருப்பதே காரணம். அத்தகைய மாற்றத்தைத் தூதிலும் செய்தபொழுது உடம்பு அமைதியாக ஏற்றுக்கொண்டது. 2023 இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆக, அத்தடுப்பூசிக்கு வழிகாட்டியதில் நம் துபாஷிக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்பொருளைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணம் உண்டென்றேன். அதை இப்பொழுது சொல்கிறேன்.

எனது பாட்டியார் கண்டிக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்திலே கொழுந்தெடுத்தவர். நீரிழிவு நோய் அவருக்கு இருந்தது. எனக்குப் பதின்மூன்று வயதானபொழுது, வீட்டில் வேறு ஆளில்லாமையால், அவரை வைத்தியசாலைக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என்மேல் விழுந்தது. "நம்ம பிள்ளை மூன்று பாஷையும் பேசும்" என்று பாட்டியார் வழியெல்லாம் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். வைத்தியர் சிங்களத்திலே பொறுமையாகத்தான் விளக்கினார். புதிய மாத்திரை வலுவானது. முன்பு காலையில் இரண்டு விழுங்கிய இடத்தில் இனி ஒன்றே போதும் என்றார். பந்தடிக்கப் போதுமான சிங்களம் நோயைப்பற்றிப் பேசப் போதுமா? என் காதில் விழுந்தவை "காலை", "இரண்டு" என்ற இரண்டு சொற்களே. மறுபடி கேட்கலாம், கேட்க வெட்கமாக இருந்தது. "காலையில் இரண்டு பாட்டி" என்று தங்குதடையின்றிச் சொன்னேன்.

நான்காம் நாட் காலை, பாட்டியார் லயத்து வாசலிலே மயங்கி விழுந்தார். அயல்வீட்டு அக்கா ஓடிவந்து சீனித்தண்ணீர் பருக்கினார். உயிர் பிழைத்தது தெய்வச்செயல். மாத்திரை உறையைப் பார்த்தவர்கள் உண்மையைக் கண்டுபிடித்தபொழுது, பாட்டியார் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பிள்ளை சொன்னதை நான்தான் சரியாக் கேட்கல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பல ஆண்டுகளுக்குப்பின் முதுமையினால் அவர் காலமானார். ஆயினும் அந்த வார்த்தை என்னை விட்டு நீங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அந்த 1962 ஆம் ஆண்டுப் பரிசோதனையை விரிவுரையாளர் விளக்கியபொழுது, வகுப்பிலுள்ளோர் குறிப்பெழுதினர். எனக்கு எழுத ஓடவில்லை. நம்பி வாங்கிக்கொண்ட இறைபோசோமிலே என் பாட்டியாரைக் கண்டேன். பொருளை மாற்றிச் சுமந்த துபாஷி நான்.

நண்பர்களே, தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்திலே எழுதப்பட்டுள்ளது. நல்லதே. ஆனால் சட்டம் மூல ஏடு. அது பெட்டகத்தில் இருக்கும். ஏட்டிலுள்ளது ஒரு கிழவியின் காதுக்குப் போய்ச் சேர, நடுவிலே ஓர் ஆள் வேண்டும். மூன்று மொழி அறிந்த நம் இளைஞரே அந்த ஆள். ஆகவே இச்சபையின் முன் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, நோயாளர் பார்க்கப்படும் நாட்களிலே, வைத்தியசாலையாரின் அனுமதி பெற்று, மும்மொழியும் தெளிவாக அறிந்த இருவரையாவது நம் சங்கம் அனுப்பிவைக்க வேண்டும். இரண்டாவது, நோய், மருந்து, அளவு, வேளை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை மும்மொழியிலும் கொண்ட ஒரு சிறு கைநூலை வைத்தியர்களின் துணையுடன் நாம் அச்சிட வேண்டும். மூன்றாவது, போகிறவர் யாவரும் ஒரு விதியைக் கைக்கொள்ள வேண்டும். நோயாளிக்குச் சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்டு, அதனை வைத்தியருக்குச் சொல்லிச் சரியென்று அறிந்தபின்னரே எழுந்து வரவேண்டும். தெரியாத சொல் வந்தால், "தெரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்க வெட்கப்படலாகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நொதியம் ஒரு காபனின் வேற்றுமைக்காக நின்று சோதிக்கிறது. நாம் ஒரு மனித உயிருக்காக ஒரு நிமிடம் நிற்கலாகாதா?

இப்பணிக்கு முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பந்தடிச் சிங்களத்தை விட்டு, நோயாளிக்கு உதவத்தக்க சிங்களம் கற்க இரண்டு ஆண்டுகளாக முயன்று வருகிறேன்.